பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டைக் குடியிருக்கும் வீடாக்க: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், ஆழ்வார்குறிச்சி என்று இந்தத் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தில் எந்தப் பழைய தெருவுக்குள் நுழைந்தாலும் வரிசையில் ஒன்றிரண்டு வீடு பூட்டித்தான் கிடக்கும். தாத்தா கட்டியது, பிள்ளைகள் சென்னையில், பேரப்பிள்ளைகள் அதற்கும் அப்பால். ஓய்வு பெற்றதும் ஊருக்கே வந்துவிடலாமா, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதென்றால் இங்கே இருந்து பார்க்கலாமே என்று யோசிப்பவர்கள் இப்போது நிறைய. அவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, மாடுலர் கிச்சன் எங்கே வைக்கலாம், ஏசி நிற்குமா, முன்கூடமான தார்சாவையும் உள்கூடமான பட்டாசலையும் ஒன்றாக்கிப் பெரிய ஹாலாக்கலாமா என்பதைத்தான். அதெல்லாம் கடைசி. இந்த வீடுகளைக் கெடுப்பது தண்ணீர். மேலே இருந்து வருகிற தண்ணீர், கீழே இருந்து சுவரில் ஏறுகிற தண்ணீர், உள்ளே வந்துவிட்டு வெளியே போக வழி தெரியாமல் நிற்கிற தண்ணீர். இந்த மூன்றுக்கும் வழி செய்துவிட்டால் மீதி எல்லாம் காசு இருக்கிற அளவுக்கு, ஆசை இருக்கிற அளவுக்கு. வழி செய்யாமல் பளபளவென்று ஆக்கினால் இரண்டாவது ஐப்பசியிலேயே வீடு உங்களைக் கேள்வி கேட்கும்.

அதனால் முதல் வேலை, ஒரு மழைக்காலத்தை அந்த வீட்டில் பார்ப்பது. சும்மா ஒரு சுற்று வந்துவிட்டு, "சுவரெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதற்குப் பெயர் பார்ப்பது இல்லை. நம் ஊரில் மழை இரண்டு முகமாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். தென்காசி, கடையம், அம்பாசமுத்திரம் பக்கமென்றால் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து சாரலும் காற்றோடு சாய்ந்து அடிக்கும். கொட்டுகிற மழை கூரையைச் சோதிக்கும், சாய்கிற சாரல் மேற்குச் சுவரைச் சோதிக்கும். மழை பெய்யும்போது டார்ச்சை எடுத்துக்கொண்டு கூரைக்கு அடியில் ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள், எங்கே சொட்டுகிறது என்று தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போடுங்கள், செல்போனில் படமும் எடுத்து வையுங்கள். மழை நின்று நாலைந்து நாள் கழித்து மறுபடி போய், எந்தச் சுவர் இன்னும் ஈரமாக இருக்கிறது, எந்த உயரம் வரை என்று பென்சிலால் கோடு போட்டுவிட்டு வாருங்கள். பிறகு எந்த மேஸ்திரி வந்து எதைச் சொன்னாலும் இந்தக் கோடும் வட்டமும்தான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

ஆற்றுக்குப் பக்கத்து ஊர் என்றால் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள்: 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் இந்தத் தெருவில் எந்தப் படி வரை வந்தது? 2023-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், அதற்கு முன் தண்ணீரையே பார்க்காத தெருக்களுக்குள்ளும் தாமிரபரணி வந்துபோனது. அந்த உயரத்தைச் சுவரில் குறித்து வையுங்கள். சுவிட்ச் பெட்டி, இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் பிளக் எல்லாம் அதற்கு மேலேதான் வர வேண்டும்.

காகிதத்தையும் பார்த்துவிடுங்கள்

இது சலிப்பான வேலைதான், ஆனால் செங்கல் ஒன்றைத் தொடுவதற்கு முன்னால் முடிய வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், வாரிசுகள் ஏழு பேர், அதில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது, இது எல்லா வீட்டிலும் உள்ள கதை. யார் செலவு செய்கிறார்களோ அவர்கள் பெயருக்கு விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ பதிவாகாமல் ஒரு மூட்டை சிமெண்ட்கூட இறக்காதீர்கள். வேலை முடிந்து வீடு மினுங்கத் தொடங்கியதும்தான் எல்லாருக்கும் பாகம் ஞாபகம் வரும். வில்லங்கச் சான்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம், இணையத்தில் கிடைக்காத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

மூலப்பத்திரத்தை ஒரு தடவை முழுசாக வாசியுங்கள். நான்குமால் (நான்கு பக்க எல்லை) சொல்லும் இடத்தில் "பொதுச்சுவர்", "இறவாணத் தண்ணீர் விழும் பாத்தியம்" (கூரை ஓரத்துத் தண்ணீர் விழும் உரிமை) மாதிரியான வரிகள் இருக்கிறதா என்று தேடுங்கள். நம் தெருவீடுகளில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர் என்பது சகஜம். அந்தச் சுவரில் நீங்கள் ஆணி அடித்தால் அடுத்த வீட்டுப் பூசையறையில் படம் ஆடும். அதைக் குடைவதற்கோ உயர்த்துவதற்கோ முன்னால் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாய் வார்த்தையாகவாவது பேசிவிடுங்கள், எழுத்தில் வாங்கினால் இன்னும் நல்லது. இன்னொன்று, அடிமனை. கோயிலைச் சுற்றிய தெருக்களில் கட்டடம் உங்களுடையது, மண் கோயிலுடையது என்று இருக்கும். அப்படி இருந்தால் பதிவு, வங்கிக் கடன், கட்டட மாற்றம் எல்லாமே கோயில் நிர்வாகத்தையும் அறநிலையத் துறையையும் தாண்டித்தான் போகும், இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

வெள்ளையடிப்பு, பூச்சு, உடைந்த ஓட்டை மாற்றுவது போன்ற பராமரிப்புக்கு அனுமதி பெரிய விஷயமில்லை. புதிதாக அறை கட்டுகிறீர்கள், மாடி எடுக்கிறீர்கள் என்றால் வேண்டும். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னத்துக்குப் பக்கத்து வீடு என்றால் (பிரம்மதேசத்துக்கு அருகே திருவாலீஸ்வரம் கோயில் மாதிரி) கதை வேறு. 100 மீட்டருக்குள் புதுக்கட்டடமே கூடாது, பழுது பார்க்கவும் முன் அனுமதி வேண்டும், அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள்ளும் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மேலே இருந்து வரும் தண்ணீர்: கூரை

பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும், போகவும் விடுங்கள். நம் வீடுகளில் ஒரே கூரை இருக்காது. முன்கட்டில் மட்டப்பா (தட்டையான தளக்கூரை), நடுவில் முற்றத்தைச் சுற்றி ஓடு, பின்னால் அடுக்களைக்கு மேலே எப்போதோ அவசரத்துக்குப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று மூன்றும் இருக்கும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஆஸ்பெஸ்டாஸை முதலில் கழற்றி அனுப்பிவிடுங்கள். கழற்றும்போது உடைக்கக் கூடாது. அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டித் தள்ளுகிற ஆளை அன்றைக்கே நிறுத்திவிடலாம்.

ஓட்டுக் கூரையில் ஒழுகினால், ஒழுகுகிற இடத்து ஓட்டை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை. முழுவதும் பிரித்து இறக்கிவிட்டு, கூரைச் சரிவைத் தாங்கும் கைமரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இறக்கிய ஓடுகளை விரலால் சுண்டிப் பாருங்கள், கணீரென்று கேட்டால் நல்ல ஓடு, மொத்தென்று கேட்டால் விரிசல். சீமை ஓட்டில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு சரியாகக் கவ்வாது. ஓட்டின் முதுகில் கம்பெனி முத்திரை இருக்கும், அதைப் பார்த்துப் பிரித்து அடுக்கி, பழைய ஓட்டையெல்லாம் ஒரு சரிவுக்கும் புது ஓட்டை இன்னொரு சரிவுக்கும் வைத்துவிடுங்கள். இரண்டையும் கலந்தால் ஒவ்வொரு சேர்மானத்திலும் சாரல் உள்ளே வரும். ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) அடிக்கும் இடைவெளியையும் டேப் வைத்து முடிவு செய்யாமல், கையில் இருக்கும் ஓட்டை வைத்துப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். பாபநாசம், கடையம் மாதிரி மலையடிவாரத்தில் குரங்குத் தொல்லை இருக்கும் இடத்தில் வெறும் ஓடு ஒரு வருசம் தாங்காது. ஓடுகளைக் கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுவதுதான் வழி, கூலி கொஞ்சம் கூடும்.

ஒழுகும் இடங்களில் முதலிடம், முற்றத்தின் நான்கு மூலைக்கு. இரண்டு சரிவும் சேருகிற அந்த ஓடையில் பழைய தகரம் துருப்பிடித்து அரித்துப் போயிருக்கும். கனமான அலுமினியத் தகடு, இரண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில் நன்றாக ஏறி இருக்கும் அகலத்தில் போடுங்கள். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க நினைத்தால் அதற்குக் கீழே இருக்கும் உத்திரம்தான் விலை கொடுக்கும்.

அடுத்தது மட்டப்பா. இது எப்படிக் கட்டியது என்று தெரிந்தால்தான் எதைச் செய்யக் கூடாது என்று புரியும். உத்திரத்துக்கு மேலே கட்டைகள், அதற்கு மேலே சின்னச் செங்கலைச் செங்குத்தாக மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பில் ஒட்டியது, அதன் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கிய ஒரு தளம், எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. இந்த முழுக் கனத்தையும் தாங்குவது மரம். ஒழுகத் தொடங்கியதும் ஆளுக்கு ஆள் மேலே ஒரு அடுக்குப் போட்டுக்கொண்டே வந்திருப்பார்கள், சிமெண்ட் பூச்சு, அதற்கு மேலே வெள்ளை ஓடு, அதற்கும் மேலே ஏதோ கெமிக்கல். ஒவ்வொரு அடுக்கும் மரத்தின் தலையில்தான் ஏறுகிறது. நீங்களும் இன்னொன்று ஏற்றாதீர்கள். பிற்காலத்து அடுக்குகளை எல்லாம் மெதுவாக எடுத்துவிட்டு, பழைய ஜல்லித் தளம் வரை போய்ப் பாருங்கள். தளம் கெட்டியாக இருந்தால் விரிசலை மட்டும் சுண்ணாம்புக் கலவையால் அடைத்து மறுபடி தட்டோடு பதிக்கலாம். பொலபொலவென்று உதிர்ந்தால் அதையும் புதிதாக அடிக்க வேண்டும். ஜல்லியையும் சுண்ணாம்பையும் கொட்டி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். நேரம் பிடிக்கும், ஆனால் செய்யத் தெரிந்தவர் செய்தால் நிற்கும். வாட்டம் முக்கியம், 10 அடிக்கு 2 அங்குலமாவது சரிய வேண்டும். தண்ணீர் வெளியேறும் தூம்பு வாயைப் பெரிதாக்குங்கள். பழைய தூம்பு ஒரு அரசிலையால் அடைபடும் அளவுக்குத்தான் இருக்கும், அரசும் ஆலும் இந்தத் தூம்புகளில்தான் முளைக்கவும் செய்யும்.

மரத்தைச் சோதிக்கக் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் வேண்டாம், ஒரு சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் போதும். தட்டினால் டங்கென்று வர வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் இறங்கக் கூடாது. உத்திரத்தின் நடுப்பகுதி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுவருக்குள் நுழையும் இரண்டு முனையும்தான் முதலில் மக்கும். சுற்றியுள்ள பூச்சைக் கொஞ்சம் கொத்திவிட்டு அங்கே குத்திப் பாருங்கள். முனை மட்டும் கெட்டிருந்தால் உத்திரத்தையே மாற்ற வேண்டியதில்லை, கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் வைத்துப் போல்ட் போட்டு இறுக்கலாம், அல்லது சுவரை ஒட்டிக் கல்தூணோ இரும்புத் தாங்கியோ கொடுக்கலாம். இதற்கு ஆசாரி மட்டும் போதாது, பழைய கட்டடத்தில் பழக்கமுள்ள ஒரு பொறியாளரை ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள், அந்தக் கட்டணம் வீணாகாது. தேக்கும் வேங்கையும் போட்ட உத்திரத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பனங்கட்டை என்றால் வைரம் பாய்ந்த பனையா, இளம்பனையா என்று பாருங்கள், இளசுக்குள் கரையான் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும்.

ஒரு கட்டத்துக்கு மேல் முடியாது என்றால் முடியாதுதான். பாதி உத்திரம் உளுத்துப்போன மட்டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தைகளை அதன் கீழே படுக்கவைக்க வேண்டியதில்லை. அந்தப் பகுதியை மட்டும் இறக்கிவிட்டு இரும்பு கர்டரோ காங்கிரீட்டோ போடுங்கள். ஆனால் அந்த முடிவைச் சோதித்துப் பார்த்தபின் எடுங்கள். வந்து நின்று அண்ணாந்து பார்த்த உடனே, "என்னத்துக்கு அண்ணாச்சி இதப் போட்டு உருட்டிக்கிட்டு, இடிச்சுத் தள்ளிட்டு ஒரே காங்கிரீட்டாப் போட்டுருவோம்" என்று சொல்லும் மேஸ்திரி மழையில் வந்து அந்தக் கூரையைப் பார்த்திருக்க மாட்டார்.

தண்ணீர்த் தொட்டி பற்றி ஒரு வார்த்தை. 1,000 லிட்டர் சின்டெக்ஸ் நிரம்பினால் ஒரு டன். அதை மட்டப்பாவின் மேல் வைக்கவே கூடாது, ஓரத்தில்கூட. புறவாசலில் தனியாக நாலு தூண் எழுப்பி அதன் மேல் வையுங்கள்.

கீழே இருந்து ஏறும் தண்ணீர்: சுவர்

தாழையூத்தில் சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1949-ல். அதற்கு முன் இந்தப் பக்கம் எழும்பிய வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்பிலோ மண்ணிலோ செங்கல் வைத்துக் கட்டியவை, ஒன்றரை, இரண்டு அடிக் கனச் சுவர். அடியில் ஈரம் தடுக்கும் பட்டை எதுவும் கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காய்ந்தும் போகும். ஏறுவதும் காய்வதும் சமமாக இருந்ததால்தான் அத்தனை வருசம் நின்றது.

பிறகு யாரோ சுவர் உதிர்கிறதே என்று சிமெண்ட் பூசினார்கள். சிமெண்ட் அந்த ஈரத்தை வெளியே விடாது. ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே நின்று, இன்னும் மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் உப்பாகப் பூக்கும். நீங்கள் பார்க்கும் நாலடி உயர உவர்க்கோடு பல வீடுகளில் இப்படி வந்ததுதான். அதன் மேல் இன்னும் ஒரு வாட்டர் புரூஃப் கலவை பூசச் சொல்லிக் கடைக்காரர் டப்பாவை நீட்டுவார். வேண்டாம். ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல் வரை சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிடுங்கள், செங்கல் சந்துகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள், அப்படியே மாதக் கணக்கில் காயவிடுங்கள். மாசி, பங்குனி, சித்திரை வெயில் இதற்கென்றே இருக்கிறது. உப்பு பூக்கப் பூக்கக் காய்ந்த துடைப்பத்தால் தட்டிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும்.

காய்ந்ததும் சுண்ணாம்புப் பூச்சு. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் குறைந்தது இரண்டு வாரமாவது ஊறப்போட்டு, சலித்து, இரண்டரை மூன்று பங்கு மணலோடு குழைத்துப் பூசுவது. மணலுக்குத் தாமிரபரணியை நினைக்காதீர்கள், நன்றாகக் கழுவிய எம்-சாண்ட் போதும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லத்தான் கல்லாகும், அதற்கு ஈரமும் அவகாசமும் வேண்டும். ஆடிக்காற்றில் பூசினால் படபடவென்று காய்ந்து வெடித்துவிடும், அப்போதுதான் வேலை என்றால் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுக் காற்றை மறையுங்கள். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாருக்கு எங்கே போவது? பக்கத்தில் எந்தக் கோயிலில் திருப்பணி நடக்கிறது என்று விசாரியுங்கள். பழைய கோயில்களில் இன்னும் சுண்ணாம்பில் வேலை நடக்கிறது, அந்த ஆட்களில் ஒருவர் வந்து உங்கள் கொத்தனாருக்கு இரண்டு நாள் காட்டிக்கொடுத்தாலே பெரிய காரியம். வெள்ளையடிப்பும் சுண்ணாம்பிலேயே போகட்டும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் இவ்வளவு செய்ததும் வீண். அதே மாதிரி, ஈரச்சுவரில் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டி மறைப்பதும்.

தெருப்பக்கம் வேறொரு வில்லங்கம் இருக்கிறது. ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் ஐந்து படி ஏறிப் போன திண்ணைக்கு இப்போது இரண்டு படிதான் மிச்சம். சில வீடுகளில் வாசல் தெருவைவிடத் தாழ்ந்தே போய்விட்டது. தெருமட்டம் உயர்ந்ததும் சுவரில் ஈரம் ஏறும் மட்டமும் உயர்கிறது. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறோம் என்று விளம்பரம் வரும், சுண்ணாம்பில் கட்டிய பொதுச்சுவர் வீட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். சுவரை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால் தோண்டி ஜல்லி நிரப்பிச் சாக்கடைக்கு வாட்டம் கொடுங்கள், வாசலில் ஒரு கல் உயர்த்துங்கள், உள்முற்றத் தண்ணீர் தெருவுக்கு எதிர்வாட்டமாகிவிட்டதா என்று பாருங்கள்.

விரிசல் இருந்தால் உடனே பூசாதீர்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் கண்ணாடி உடையவில்லை என்றால் பழைய விரிசல், அடைத்துக்கொள்ளலாம். உடைந்தால் அஸ்திவாரம் நகர்கிறது, பொறியாளர் வேலை.

முற்றத்தில் நிற்கும் தண்ணீர்

நம் தெருவீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளம், பக்கவாட்டில் சன்னல் கிடையாது. தார்சா, பட்டாசல், அரங்கு (உள்ளறை), அடுக்களை என்று போய்க்கொண்டே இருக்கும் வீட்டுக்கு மூச்சு அந்த முற்றம் வழியாகத்தான். கள்ளன் பயம், குரங்கு, சாரல் எல்லாவற்றுக்கும் சேர்த்து மேலே காங்கிரீட் போட்டு மூடிவிடுகிறார்கள். மூடிய வீட்டில் பகலிலும் லைட் எரிகிறது, சுவர் காய மறுக்கிறது, அப்புறம் ஏசி. மூட வேண்டுமானால் கீழே கம்பி அழி போட்டு, அதற்கு மேலே ஒன்றரை அடி உயர்த்திக் கண்ணாடியோ பாலிகார்பனேட் ஷீட்டோ போடுங்கள், நான்கு பக்கமும் காற்றுப் போக இடைவெளி விட்டு, அதில் கொசுவலை அடித்து.

முற்றத்திலிருந்து தண்ணீர் வீட்டுக்கு அடியிலேயே ஒரு கல்தாரை வழியாகத் தெருவுக்கோ புறவாசலுக்கோ போகும். அது எங்கே போகிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு குடம் தண்ணீரில் சட்டைக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு, வெளியே எங்கே நீலம் வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். வரவே இல்லை என்றால் அத்தனை வருசத் தண்ணீரும் உங்கள் அஸ்திவாரத்துக்குள்தான் போயிருக்கிறது. தரையை உடைத்தாவது அந்தத் தாரையைத் திறந்து, சுத்தம் செய்து, உள்ளே 6 அங்குல பிவிசி குழாயை வாட்டத்தோடு பதித்து, இரண்டு முனையிலும் திறந்து பார்க்க மூடி வையுங்கள். ஓட்டுத் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வடிகட்டிக் கிணற்றில் விட்டுவிடலாம், மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து எப்படியும் கட்டாயம்தானே.

குடும்பம் இருக்க

கக்கூஸ் புறவாசல் கடைசியில் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவை அங்கே நடக்கவிட முடியாது. உள்ளே கொண்டுவர வேண்டியதுதான், ஆனால் எங்கே என்பதில்தான் பல வீடு கெட்டது. பட்டாசலின் மூலையைத் தடுத்து பாத்ரூம் ஆக்கினால் பொதுச்சுவர் ஊறும், மட்டப்பாவுக்கு மேலே வைத்தால் மரம் ஊறும். இரண்டாம்கட்டில், வெளிச்சுவருக்குப் பக்கத்தில், பழைய சுவரில் சாயாமல் தனி அஸ்திவாரத்தில் தனிச் சுவர் எழுப்பி, பழைய சுவருக்கும் இதற்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டுக் கட்டுங்கள். பாத்ரூமும் அடுக்களை அங்கணமும் (பாத்திரம் கழுவும் இடம்) முதுகோடு முதுகாக இருந்தால் எல்லாக் குழாயும் ஒரே சுவரில் முடிந்துவிடும். குழாயைச் சுண்ணாம்புச் சுவருக்குள் காடி வெட்டிப் புதைக்காதீர்கள், வெளியே தெரியட்டும், ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். வயதானவர்கள் அறை அதற்கு அடுத்ததாக, நடுவில் படி இல்லாமல். பழைய நிலைப்படிகள் காலைத் தட்டிவிடும், தேய்க்க மனமில்லை என்றால் இரண்டு பக்கமும் சின்னச் சரிவு கொடுங்கள்.

செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 60 அடியாவது இடைவெளி வேண்டும். நீளமான மனை என்பதால் கிடைக்கும், கிணறு உங்களுடையதை மட்டும் பார்க்காமல் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அளந்துகொள்ளுங்கள்.

வயரிங்கில் பழசு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், மரச்சட்டத்தில் ஓடும் வயர் அழகாக இருந்தாலும். முழுவதும் புது செம்புக் கம்பி, விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர், நல்ல எர்த், 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). ஈரச்சுவர் வீட்டில் இந்த ஆர்சிசிபி உயிர் காக்கும். கட்டடம் முன்பு கடையாகவோ குடோனாகவோ இருந்திருந்தால் மின் இணைப்பை வீட்டு உபயோகத்துக்கு மாற்றி எழுதிவிடுங்கள், இல்லையென்றால் வணிகக் கட்டணமே வந்துகொண்டிருக்கும்.

தரையில் பழைய சிவப்பு சிமெண்ட் இருந்தால் உடைக்காதீர்கள். தேய்த்து எண்ணெய் போட்டாலே போதும். கரையான் மருந்து, தரை வேலைக்கு முன்னால் அடிக்க வேண்டும், பின்னால் இல்லை.

நிலையும் கதவும் தூணும் கேட்டு ஆள் வரும், வேலை தொடங்கின வாரமே வரும். "பழைய கட்டை, எரிக்கத்தான் ஆகும், எடுத்துக்கிடுதேன்" என்று எரிக்கிற விலையே சொல்வார்கள். இறக்கிய மரம் ஒவ்வொன்றிலும் எண் எழுதி உள்ளே பூட்டுங்கள். அளவு வெட்டினால் அலமாரிக்கும் சன்னலுக்கும் உங்களுக்கே தேவைப்படும்.

எப்போது, யாரோடு

பொங்கல் முடிந்ததும் தொடங்கினால் கூரை வேலை வைகாசிக்குள் முடியும், சாரல் பக்கம் என்றால் அதற்கு முன்பே முடிய வேண்டும். அடுத்து தாரையும் குழாயும், அடுத்து வயரிங், அதன் பிறகு காய்ந்த சுவரில் பூச்சு. பெயின்ட், டைல்ஸ், அடுக்களை மேடை எல்லாம் ஐப்பசி மழையை ஒரு தடவை பார்த்த பிறகு. குடும்பத்தில் யாராவது கார்த்திகையில் பால் காய்ச்ச நாள் பார்த்துவிட்டு அவசரப்படுத்துவார்கள். பால் காய்ச்சிக்கொள்ளுங்கள், பெயின்டை மட்டும் தை வரை தள்ளுங்கள்.

கூரைக்கும் சுண்ணாம்புக்கும் சதுர அடிக் காண்ட்ராக்ட் கொடுக்காதீர்கள், நாள் கூலிதான் சரி. சதுர அடிக் கணக்கில் பேசியவருக்கு வேகம் லாபம், இந்த வேலைகளுக்கு வேகம் எதிரி. டைல்ஸ், பெயின்ட் எல்லாம் காண்ட்ராக்டில் விடலாம். போட்ட மதிப்பீட்டுக்கு மேலே மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள், பூச்சைக் கொத்தும்போதும் ஓட்டை இறக்கும்போதும் புதுச் செலவு ஒன்று எட்டிப் பார்க்கும். பணம் குறைந்தால் பின்கட்டை அப்படியே பூட்டிவைத்துவிட்டு, கூரையை மட்டும் எல்லாக் கட்டுக்கும் முடித்து, முன்கட்டில் குடியேறுங்கள். தலைக்கு மேலே ஒழுகாத பூட்டிய அறை எத்தனை வருசம் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

குடிவந்த பிறகு வருசத்துக்கு ஒரு நாள் வேலை உண்டு. புரட்டாசி கடைசியில் மட்டப்பாத் தூம்புகளில் இலை எடுப்பது, முளைத்த ஆலங்கன்றை வேரோடு பிடுங்கி அந்த ஓட்டையில் சுண்ணாம்பு வைப்பது, முற்றத்து மூலை ஓடைகளைத் துடைப்பது, நகர்ந்த ஓட்டைச் சரி செய்வது, தாரையில் ஒரு குடம் நீலத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது. ஓடு ஏறத் தெரிந்த ஆளை ஆவணியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள், மழை தொடங்கிவிட்டால் அவர் கிடைக்க மாட்டார்.